வெண்டைக்காய்க்கு ஒரு சிலை

லகோவா மான்சாவில் கியாபுவைத் தெரியாதவர் கிடையாது. சர்க்கரை ஆலை வாசலில் தொடங்கி நெடுஞ்சாலை பெட்ரோல் பங்க் வரை அவன் புகழ் பரவியிருந்தது. பங்க்கில் வேலை பார்க்கும் இரண்டு பேரில் ஒருவருக்கு அவனைத் தெரியும்; இன்னொருவர் பக்கத்து ஊர்க்காரர். அதற்கு அப்பால் சாவ் பாவுலோ வரைக்கும் கரும்புதான்.

கியாபு என்றால் வெண்டைக்காய். எதிராளியின் கால்களுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு போய்விடுகிறான் என்று பதினாறு வயதில் யாரோ கூப்பிட்டது அப்படியே ஒட்டிக்கொண்டது. பிரேசிலில் ஒரு ஆட்டக்காரனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் மாதாகோவிலுக்கும் போலீசுக்கும் மட்டும்தான் வேண்டியிருக்கும். வேறு யாரும் அதைக் கேட்பதில்லை. எங்கள் ஊரிலும் கேட்கவில்லை.

இருபது வருஷமாக ஆடிக்கொண்டிருந்தான். பரானா மாநிலத்தில் அவன் போய்ச் சேர்ந்த கிளப் அந்த மாதமே கலைந்தது. பின்லாந்தில் ஒரு பருவம் ஆடினான். அங்கே ஜெர்சியின் முதுகில் அவன் பெயரைத் தப்பாக அச்சடித்துவிட்டு, அதைத் திருத்துவானேன் என்று அவனையே அந்தப் பெயரில் கூப்பிட்டார்கள். ஆறு வருஷம் முன்னால் கோப்பை ஆட்டத்துக்காகத் தலைநகரிலிருந்து ஒரு பெரிய அணி எங்கள் மைதானத்துக்கு வந்தபோது, மூன்று பேரையும் கோல்கீப்பரையும் தாண்டி அவன் அடித்த கோலை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அறிவிப்பாளர் மட்டும் அதை அடித்தது எங்கள் இடது பக்கத் தடுப்பாட்டக்காரன் என்று சொல்லிவிட்டார். அந்தத் தடுப்பாட்டக்காரனை அந்த வாரமே போர்ச்சுகலில் ஒரு கிளப் வாங்கிக்கொண்டு போயிற்று. கியாபு எங்களுக்கே மிஞ்சினான்.

அவனுக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. ஒரே ஒரு குறைதான். இத்தனை கிளப்பில் ஆடியும், அவன் இருந்த அணி ஒருமுறைகூட மேல் பிரிவுக்கு ஏறியதில்லை. இறங்கியிருக்கிறது, பலமுறை. இந்த வருஷம் அத்லெட்டிகோ மான்சா மாநில மூன்றாம் பிரிவில் கடைசி ஆட்டம் வரை வந்து நின்றது. சொந்த மைதானம். சமன் செய்தால் போதும், இரண்டாம் பிரிவு. கியாபுவுக்கு வயது முப்பத்தாறு. சாப்பிடும்போதும் கால் மேஜைக்கடியில் எதையாவது உதைத்துக்கொண்டே இருந்தது.

"அந்த ஆரஞ்சுப் பழத்தக் கால்ல உருட்டாதய்யா. ஜூஸ் போட வச்சிருக்கேன்" என்பாள் அவன் மனைவி ரோசிலேனி. வீட்டு முன்னறையிலேயே முடிதிருத்தும் கடை நடத்துகிறவள்.

"கால் சும்மா இருக்க மாட்டேங்குது."

"இருபது வருஷமா அது சும்மா இருந்து நான் பாத்ததில்ல. சோத்த மெல்லு."

இந்த நேரத்தில்தான் கிளப்பின் ஆலோசனை மன்றம் கூடியது.

மன்றத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மழை நாளில் ஆட்டம் பார்க்க வருகிறவர்களைவிட அதில் உறுப்பினர்கள் அதிகம். கொடிக்கு ஒரு துணைத் தலைவர், கீதத்துக்கு ஒருவர், திருச்சபை உறவுக்கு ஒருவர், புல்லுக்கு ஒருவர். தலைவர் டாக்டர் அஸ்தோல்ஃபு பிராதெஸ், ஊரின் பத்திரப்பதிவு அலுவலகத்தை மூன்று தலைமுறையாகக் கையில் வைத்திருக்கும் குடும்பத்துக்காரர். தடித்த மீசை. அவர் எதற்கு டாக்டர் என்று கேட்டவர்கள் யாருக்கும் அதன் பிறகு பத்திரம் பதிவாகவில்லை. கடைசி ஆட்டம் முடிந்த மறு வாரம் தலைவர் தேர்தல்.

அன்றைக்கு அவர் எழுந்து பேசினார்.

"நண்பர்களே, நம்ம கிளப்புல எல்லாம் இருக்கு. கொடி இருக்கு, கீதம் இருக்கு, கடன் இருக்கு. நாயகன் மட்டும் இல்ல. இருந்தவங்க எல்லாம் செத்துட்டாங்க. செத்தவங்களோட நின்னு போட்டோ எடுத்துக்க முடியுமா? உயிரோட ஒருத்தர் வேணும். ஆனா ஆடிக்கிட்டிருக்கிற ஆளு ஆபத்து. நாளைக்கே ஒரு பெனால்டிய வெளிய அடிச்சான்னா, அவன் தோள்ல கை போட்டு நிக்கிற நம்ம நெலம என்ன? ஆடி முடிச்சவன்தான் நமக்குப் பாதுகாப்பு. கியாபு இன்னும் ஆடி முடிக்கல. பரவால்ல, அத நாமளே முடிச்சு வச்சிடலாம்."

கைதட்டல் ஓய நேரமானது. நாயகர்கள் மற்றும் நினைவுகளுக்கான துணைத் தலைவர் என்று ஒரு பதவியை அங்கேயே உண்டாக்கி, தலைவரின் மைத்துனர் எய்த்தோரை அதில் உட்கார வைத்தார்கள். கியாபு 'நிரந்தர நாயகன்' ஆனான். எதிர்த்து யாரும் வாக்களிக்கவில்லை. புல்லுக்கான துணைத் தலைவர் மட்டும் நாயகனுக்கும் புல்லுக்கும் உள்ள எல்லை எது என்று கேட்டார். அது குறித்துக்கொள்ளப்பட்டது.

கியாபுவை வரச் சொன்னபோது ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு போனான். டாக்டர் அவனைக் கட்டிப் பிடித்தார். எய்த்தோர் கட்டிப் பிடித்தார். படம் எடுத்தார்கள். காப்பியும் பாலாடைக்கட்டி உருண்டையும் வந்தன.

"ரொம்ப நன்றி டாக்டர்," என்றான் கியாபு. "ஞாயித்துக்கிழமை ஆட்டத்துல மொதல்ல இருந்தே இருக்கேன்ல?"

அறை முழுவதும் அன்பாகச் சிரித்தது.

"தம்பி," என்றார் டாக்டர், "சாமிய யாராவது தேரோட தெருவுல விட்டுட்டு வருவாங்களா?"

அவனுக்குப் புரியவில்லை. மறுநாள் காலை புரிய ஆரம்பித்தது. பயிற்சிக்குப் போனபோது காவலாளி பக்கவாட்டுக் கதவில் அவனை நிறுத்தினான்.

"கோவிச்சுக்காத கியாபு. நாயகர்கள் கௌரவ வாசல் வழியாத்தான் வரணுமாம். உத்தரவு."

"அது பூட்டியிருக்கே."

"விழா நாள்ல தெறப்பாங்க."

"சாவி யாருட்ட இருக்கு?"

"கட்டடத் துணைத் தலைவர்ட்ட. அவரு சாவ் பாவுலோவுல இருக்காரு. கிறிஸ்துமஸுக்கு வருவாரு."

கியாபு சுற்றிக்கொண்டு போய்ப் பின்பக்கச் சுவரை ஏறிக் குதித்தான். உடைமாற்றும் அறையில் அவன் அலமாரிக்கு முன்னால் சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. உள்ளே காலி. பூட்ஸ் இரண்டும் வரவேற்பறைக் கண்ணாடிப் பெட்டிக்குள், சேறு துடைக்கப்பட்டு, விளக்கு வெளிச்சத்தில் இருந்தன. எட்டாம் நம்பர் ஜெர்சி சட்டம் போட்டு மாட்டப்பட்டிருந்தது.

எய்த்தோர் மகிழ்ச்சியோடு விளக்கினார். "எட்டுக்கு ஓய்வு குடுத்தாச்சு. இனிமே எந்த மனுசனும் அதப் போட முடியாது."

"நான் போடலாம்ல?"

"நீங்களுமா? உங்களுக்கு மரியாதை பண்ணத்தானே எடுத்தோம்?"

"அப்ப பதினெட்டு குடுங்க."

எய்த்தோரின் முகம் மாறிப்போனது. "எட்டுக்கு உரியவரு பதினெட்டுல ஆடுறதா? அது எட்டுக்குப் பண்ற அவமானம். நான் அனுமதிச்சா எனக்கு இந்தப் பதவி எதுக்கு?"

பயிற்சியாளர் லூரிவாலிடம் போனான் கியாபு. ஆட்டக்காரர்கள் எல்லாருமே பயிற்சியாளரை வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார்கள். லூரிவால் மெலிந்த மனிதர். தன்னை எப்போது வேலையை விட்டு அனுப்புவார்கள் என்று அவருக்கு எப்போதுமே ஓரளவு தெரியும்.

"வாத்தியாரே, என்ன நடக்குது இங்க?"

"என்னக் கேட்டா? நீ இல்லாம நடுவுல பந்தக் கொண்டுபோக ஆளில்லன்னு டாக்டர்ட்ட சொன்னேன். 'நாயகனோட நினைவு பசங்களக் கொண்டுபோகும்'னாரு. நினைவு கார்னர் அடிக்குமான்னு கேட்டேன். ஒழுங்கா இருக்கச் சொன்னாரு."

"நான் ஆடணும் வாத்தியாரே. ஏறுறத ஒரு தடவ உள்ளேயிருந்து பாக்கணும். அடுத்த வருஷம் இந்த முட்டி இருக்குமோ என்னவோ."

லூரிவால் அவன் முட்டியைப் பார்த்தார். பிறகு நாலு பக்கமும் பார்த்தார். "காலையில எல்லாரும் வர்றதுக்கு முன்னால வந்து ஓடு," என்றார். "சுவர் ஏறி."

அந்த வாரம் முழுவதும் கியாபு விடிவதற்குள் சுவர் ஏறி ஓடினான். விடிந்த பிறகு விழாக்களில் நின்றான். ஆலையில் மாலை. பள்ளியில் கீதம். இறைச்சிக் கடைத் திறப்பு விழாவில் கத்தரிக்கோல். எங்கே போனாலும் டாக்டரின் கை அவன் தோளில் இருந்தது, டாக்டரின் தேர்தல் பட்டை டாக்டரின் மார்பில் இருந்தது. யாராவது ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால் டாக்டரே பதில் சொன்னார். "கியாபு மைதானத்துக்கு மேல போயிட்டாரு."

"என்னப்பா, செத்துட்டியா?" என்று கேட்டாராம் இறைச்சிக் கடைக்காரர்.

சனிக்கிழமை, சிலையின் களிமண் மாதிரியைக் காட்டினார்கள். துணியை இழுத்ததும் கூட்டம் கைதட்டியது, பிறகு கைதட்டல் மெல்லக் குறைந்தது. சிலைக்கு மீசை இருந்தது. கியாபுவுக்கு மீசை கிடையாது. சிற்பி கூச்சத்தோடு சொன்னார்: "நீங்க குடுத்த படத்துல ரெண்டு பேரு கட்டிப் பிடிச்சுட்டு நின்னீங்க. முன்னால தெரிஞ்சவரத்தான் செஞ்சேன்."

டாக்டர் சிலையை வெகுநேரம் பார்த்தார். பக்கவாட்டில் நின்றும் பார்த்தார்.

"நல்லா வந்திருக்கு," என்றார். "மாத்த வேண்டாம்."

வீட்டுக்கு வந்த கியாபு உட்காரவில்லை. சமையலறைக்கும் முன்னறைக்கும் நடந்தான். நாற்காலியில் தலையில் சாயத்தோடு இருந்த பெண்மணி கண்ணாடி வழியே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடையில நடக்காத. சாயம் கலையுது," என்றாள் ரோசிலேனி. பிறகு குரலை இறக்கினாள். "உனக்கு என்னதான் வேணும்? ஊரே உன்னத் தூக்கி வச்சிருக்கு."

"எறக்கி விடச் சொல்லு."

அவள் தூரிகையைக் கீழே வைத்தாள். "பின்லாந்துலருந்து நீ போன் பண்ணி அழுதப்ப, வந்துடு போதும்னேன். நீ வரல. பரானாவுல கிளப்ப மூடினப்ப, போதும்னேன். நீ கேக்கல. எப்பவும் கேக்காதவன், இந்த மீசைக்காரன் சொன்னா மட்டும் கேப்பியா?"

நாற்காலியில் இருந்த பெண்மணி, "அதானே," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கரும்பு எரித்த சாம்பல் மைதானத்தின் மேல் மிதந்தது. கியாபுவுக்குக் கோட்டு சூட்டு போட்டு, கௌரவ மேடையில் ஆயருக்கும் ஆலை முதலாளிக்கும் நடுவில் உட்கார வைத்தார்கள். நாயகர் கத்தக் கூடாது, எழுந்து நிற்கக் கூடாது, முடிந்தால் வியர்க்கக் கூடாது என்று எய்த்தோர் காதில் சொல்லிவிட்டுப் போனார். கீழே எங்கள் அணிக்கு நடுவில் ஒரு ஓட்டை இருந்தது. அந்த ஓட்டை வழியாகவே இடைவேளைக்கு முன்னால் எதிரணி ஒரு கோல் போட்டது.

கியாபுவின் காலடியில் பலகை தடதடத்தது. ஆயர் குனிந்து பார்த்தார்.

"மகனே, பூமி ஆடுதா?"

"என் கால்தான் சாமி. மன்னிச்சுக்குங்க."

இரண்டாம் பாதி பாதிக்கு மேல் ஓடியது. எங்கள் பையன்கள் பந்தை வானத்துக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். லூரிவால் எல்லைக்கோட்டருகே நின்று ஒருமுறை திரும்பி மேலே பார்த்தார். கியாபு எழுந்தான். கோட்டைக் கழற்றி ஆயர் கையில் கொடுத்தான். ஆயர் வாங்கி வைத்துக்கொண்டார்.

"டாக்டர், நான் ராஜினாமா பண்றேன்."

"எத?"

"நாயகன் வேலைய."

டாக்டர் புன்னகை மாறாமல் சொன்னார்: "நிரந்தர நாயகன் ராஜினாமா பண்ண முடியாது. நிரந்தரம்னா என்ன அர்த்தம்? மன்றத்துல மூணுல ரெண்டு பங்கு ஒத்துக்கணும்."

"மன்றம் மொத்தமும் இங்கதானே உக்காந்திருக்கு."

இது உண்மை என்பதால் சிக்கலாகிவிட்டது. இலவச இருக்கை என்பதால் ஒருவர்கூட வராமல் இல்லை. கீதத்துக்கான துணைத் தலைவர் விதிப்படி அவசரக் கூட்டம் கோரினார். உட்கார்ந்தே பேசலாமா, எழுந்து பேச வேண்டுமா என்று ஒருவர் கேட்டார். எழுந்துதான் என்று முடிவானதும் நாற்பது பேர் எழுந்தார்கள். பின்வரிசைக்காரர்கள் "மறைக்காத, உக்காருய்யா" என்று கத்தினார்கள். அதுவும் குறிப்பில் ஏறியது. நாயகன் போய்விட்டால் சிலை யாருடைய சிலை என்று ஒருவர் கேட்டார். டாக்டர் முதல்முறையாகக் கொஞ்சம் யோசித்தார். மூவர் குழு அமைத்தார்கள். குழு தனியாகப் பேச இடம் வேண்டும் என்று கழிப்பறைப் பக்கம் ஒதுங்கியது.

அதற்குள் கியாபு கீழே இறங்கியிருந்தான். சுரங்க வழியில் எய்த்தோர் இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"எட்டு கிடையாது."

"எட்டு யாருக்கு வேணும்?" என்றார் லூரிவால். அவர் கையில் இருபத்தேழு என்று எழுதிய ஜெர்சி இருந்தது. "மாத்துறேன். பிராண்டாவ் உள்ள போறான்."

"பிராண்டாவா? யாரது?"

"ஆட்டத்துக்கு முன்னாலயே மாத்து ஆளுங்கள்ல பேரு குடுத்தாச்சு. வால்டெனிர் பிராண்டாவ். கேட்டுப் பாருங்க."

எய்த்தோர் நான்காவது நடுவரைக் கேட்டார். நடுவர் தலையாட்டினார். கியாபுவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அதுதான்; ஊரில்தான் யாரும் கேட்டதில்லை. வால்டெனிர் பிராண்டாவ் என்ற ஆள் பதிவானவன், தகுதியானவன், தடை எதுவும் இல்லாதவன். எய்த்தோரிடம் கியாபுவைத் தடுக்கத்தான் அதிகாரம் இருந்தது. பிராண்டாவ் மேல் அவருக்கு ஒரு அதிகாரமும் இல்லை. கையை இறக்கி வழிவிட்டார். விடும்போது, "நல்லா ஆடு தம்பி," என்றும் சொன்னார்.

பூட்ஸ் கண்ணாடிக்குள் இருந்ததால் மூன்றாவது கோல்கீப்பரின் பூட்ஸை, இரண்டு ஜோடி காலுறை மாட்டிப் போட்டுக்கொண்டான். முதல் பந்து அவன் காலில் பட்டு வெளியே போனது. இரண்டாவது பந்தில் எதிரணித் தடுப்பாட்டக்காரன் அவனைத் தரையோடு சாய்த்தான். "வீட்டுக்குப் போ தாத்தா" என்றான். கியாபு எழுந்தான். மூச்சு வாங்கியது. முட்டி சொன்னதை அவன் கேட்கவில்லை.

ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரமே இருந்தபோது, பந்து வலது ஓரத்தில் அவனிடம் வந்தது. இரண்டு பேர் சேர்ந்து வந்தார்கள். அவன் நின்றான். முழுசாக நின்றுவிட்டான். அவர்களும் நின்றார்கள். பிறகு அந்த இரண்டு பேருக்கும் நடுவே, இருந்ததாக யாருக்கும் தெரியாத ஒரு சந்து வழியே பந்தும் போனது, அவனும் போனான். எல்லைக்கோட்டுக்குப் பக்கத்திலிருந்து பந்தைக் கோல் வாசலுக்குத் தள்ளினான். எங்கள் முன்வரிசைக்காரன் ஜயில்சன் அதைக் காலால் அடிக்க நினைத்துத் தவறவிட்டான். முட்டியில் பட்டு உள்ளே போயிற்று.

ஊர் எழுந்து கத்தியது. சாம்பல் கலைந்தது. ஆயர் கோட்டைக் காற்றில் சுழற்றினார். சரியாக அதே நேரத்தில் மூவர் குழு திரும்பி வந்து, ராஜினாமா ஏற்கப்படவில்லை என்று அறிவித்தது. சத்தத்தில் கேட்கவில்லை என்பதால் இன்னொரு முறை அறிவித்தது.

சமன். அத்லெட்டிகோ மான்சா ஏறிவிட்டது. கியாபு நடுக்கோட்டில் மல்லாந்து படுத்திருந்தான். ஜயில்சன் அவன் மேல் விழுந்து அழுதான். "எறங்குடா, மூச்சு முட்டுது," என்றான் கியாபு, சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும்.

வானொலிக்காரர் டாக்டரிடம் ஒலிவாங்கியை நீட்டினார். அந்த இருபத்தேழு யார் என்று கேட்டார்.

டாக்டர் தயங்கவே இல்லை. "பிராண்டாவ். என் நிர்வாகம் கண்டுபிடிச்ச புதுத் திறமை. அனுபவமில்லாத பையன்னு சில பேரு எதிர்த்தாங்க. நான்தான் நம்பினேன். நம்ம நாயகன் கியாபு மேடையில உக்காந்து ஊட்டின உற்சாகம்தான் அவன ஆட வச்சது."

மறு வாரம் டாக்டர் பெரும்பான்மையோடு மீண்டும் தலைவரானார்.

அதன் பிறகு மன்றம் விஷயத்தைத் தெளிவாக்கியது. கியாபு நிரந்தர நாயகன். விழாவுக்கு வர வேண்டும். பிராண்டாவ் ஆட்டக்காரன், பயிற்சிக்கு வர வேண்டும். இருவரும் ஒருவரையொருவர் மதித்து நடக்க வேண்டும். டிசம்பரில் கிளப்பின் ஆண்டு விழாவில் கியாபு கேக் வெட்டிக்கொண்டிருந்தபோது பயிற்சிக்கு வரவில்லை என்று பிராண்டாவைக் கண்டித்தார்கள். பிராண்டாவ் மன்னிப்புக் கேட்டான். அவனுக்காகக் கியாபு பரிந்து பேசலாம் என்று எய்த்தோர் யோசனை சொன்னார்.

ஜனவரியில் இரண்டாம் பிரிவு தொடங்கியது. முதல் ஆட்டம் வெளியூரில். அதே நாள் காலையில் எங்கள் மைதான வாசலில் வெண்கலச் சிலைத் திறப்பு விழாவையும் வைத்திருந்தார்கள். பந்தல், வாத்தியக் குழு, மீசையோடு துணி போர்த்திய சிலை. பக்கத்திலேயே அணியின் பஸ் உறுமிக்கொண்டு நின்றது.

கட்டடத் துணைத் தலைவர் அன்றைக்குச் சாவியோடு வந்து கௌரவ வாசலைத் திறந்து வைத்திருந்தார். எய்த்தோர் வேர்த்து விறுவிறுத்து பஸ் ஜன்னலுக்கு ஓடி வந்தார்.

"கியாபு, எறங்குங்க. டாக்டர் பேச ஆரம்பிச்சுட்டாரு."

ஜன்னலுக்குள் இருந்தவன் தொடையைப் பிசைந்து விட்டுக்கொண்டிருந்தான். "கியாபுவா? அங்கதான் நிக்கிறாரே ஐயா, துணி போத்திக்கிட்டு. எங்கயும் போக மாட்டாரு."

எய்த்தோர் திரும்பிச் சிலையைப் பார்த்தார். அந்தப் பதிலில் தப்பு எதுவும் அவருக்குத் தென்படவில்லை. தலையாட்டிவிட்டுப் பந்தலுக்குத் திரும்பினார். பஸ் புறப்பட்டது.

அன்றைக்கு இரண்டு கோல் வித்தியாசத்தில் தோற்றோம். கியாபு ஆட்டம் முழுக்க ஆடினான். ஒருமுறை மஞ்சள் அட்டை வாங்கினான், பலமுறை விழுந்தான். அந்த ஊர் ரசிகர்களுக்கு அவன் பெயர் தெரியவில்லை. ஆனாலும் வாய்க்கு வந்த பெயரையெல்லாம் வைத்துத் திட்டினார்கள். திரும்பி வரும் வழியில், ஓட்டுநர் வானொலியைத் திருகி ஊர்ச் செய்தி வைத்தார். சிலைத் திறப்பு விழா பற்றி நீளமாகச் சொன்னார்கள். ஆட்டத்தின் முடிவைச் சொன்னார்கள். ஆடியவர்கள் பெயரைச் சொல்லவில்லை.

லூரிவால் எட்டி அவனைப் பார்த்தார். ஏதாவது ஆறுதல் சொல்லலாம் என்று நினைத்திருக்கலாம். கியாபு கால்களை முன் இருக்கையின் அடியில் நீட்டி, வாயைத் திறந்து, ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். கால் இரண்டும் அசையவே இல்லை.